ஏறிச் செல்லும் உந்துருளியும் ஏற்றிச் செல்லும் உந்துருளியும்

உந்துருளியை ஓட்டப் பழக்குவதற்கு ஆசிரியர்கள் உளர், பரீட்சை உண்டு, அனுமதிப் பத்திரமும் உண்டு. அதனை இன்னொரு வாகனத்தில் ஏற்றிக் கட்டிக் கொண்டுசெல்வதற்கோ எவரும் எமக்குப் பழக்கித் தருவதில்லை. பார்த்தவர் பார்த்தபடி, கேட்டவர் கேட்டபடி செய்து வருகின்றோம். ஆண்டு விழா மலரில் இத்தகைய பொருள் பற்றி எழுதுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவரையும் அவர்தம் பெற்றோரையும் அறிந்தவர்க்கு அது புதுமையாகத் தோன்றாது.

2021 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து சுவிற்சர்லாந்தில் 16 வயது நிரம்பியோர் 125 கன சென்ரிமீற்றர் உந்துருளியை ஓட்ட அனுமதி பெறலாம். 15 வயது நிரம்பியோர் மணிக்கு 45 கிலோமீற்றருக்கு மேற்படாத சிறு வண்டிகளை ஓட்டலாம். ஆகவே, நேற்றுவரை 'அம்மா இங்கே வா வா' பாடிய பிள்ளைகள் இன்று உந்துருளி விலை கேட்கின்றனர். அவர்கள் வாங்குவன பெரும்பாலும் பழைய வண்டிகள். தூணிலோ பேர்ணிலோ வாங்கிய வண்டிக்கு இலக்கத் தகடு இன்னும் கிடைத்திராது. தகடின்றி வீதியில் ஓட்டுதல் குற்றம். பனிக்காலத்தில் தகட்டைப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவோரும் பலர். அக்காலத்தில் வண்டியைத் திருத்தகத்துக்குக் கொண்டுசெல்வதாயினும் ஏற்றியே கொண்டுசெல்லல் வேண்டும். கோடையில் கிறிம்சல், சுஸ்டன் மலைக் கணவாய்களில் நின்றுபோன வண்டிகளும் இன்டர்லாக்கனுக்கு ஏறியே வருகின்றன.

கடந்த இளவேனிற் காலத்தில் வகுப்பு முடிந்த ஒரு சனிக்கிழமை, தந்தை ஒருவரும் அவருடைய மகனும் வாகனத் தரிப்பிடத்தில் வாதிட்டுக்கொண்டிருந்தனர். தூணில் வாங்கிய வண்டியை இரவல் இழுவைப் பெட்டியில் ஏற்றிவர வேண்டும். தந்தையின் கையில் கயிற்றுச் சுருள். "வன்னியிலை முழு வீட்டையும் பெட்டியிலை ஏத்தி, ரியூப் வாராலை கட்டிக்கொண்டு போனனாங்கள். ஒரு மோட்டச்சைக்கிளைக் கட்டத் தெரியாதோ தம்பி எனக்கு?" என்றார் அவர். "அப்பா, அது ட்ரக்டர். இது ஆட்டோபான்" என்றான் மகன். இருவரும் என் முகத்தைப் பார்த்தனர். அன்று அவர்களுக்கு நின்ற நிலையிற் கூறியதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகின்றேன்.

முதலில் தந்தையின் பக்கம். 2008ஆம் ஆண்டு மன்னார்ப் பக்கத்தில் மடு, அடம்பன் என வெளிக்கிட்ட சனம் கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என நகர்ந்து 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் ஒடுங்கியதை மாணவர்கள் பெற்றோர் வாயாற் கேட்டிருப்பீர்கள். அந்நாள்களில் உழவு இயந்திரப் பெட்டியே வீடு. கழற்றிய கூரைத் தகடும் கதவு நிலையும் அடியில், அதன்மேல் நெல் மூடை, அதன்மேல் பாய், பானை, கோழிக்கூடு, உச்சியில் அப்பாச்சி. பெற்றோல் கிடையாமையால் உந்துருளிகள் மண்ணெண்ணெயில் ஓடின. இயக்கிவிடுவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் தேவை. அத்துளிக்கும் வழியற்றவர் வண்டியைப் பெட்டியில் ஏற்றினர். மூடைகளுக்கு இடையே செருகி, பழைய ரியூப்பை நீளமாக வெட்டிய வாரினால் வரிந்தனர். குண்டுங் குழியுமான வழியில் அது விழவில்லை.

ஏன் விழவில்லை? இதற்குரிய விடை கட்டிய வாரில் இல்லை, நெருக்கத்தில் உள்ளது. ஒரு சுமை அசையாதிருப்பதற்கு இரு வழிகள் உண்டு. அசைவதற்கு இடமே இல்லாதவாறு நாற்புறமும் அணைத்து அடைத்தல் ஒன்று. வெறுவெளியில் நிற்பதைப் பல திசைகளிலும் இழுத்துப் பிணைத்தல் மற்றொன்று. வன்னியிற் செய்தது முதலாவது. நெல் மூடை இருபுறமும் அமுக்கி நிற்க உந்துருளி எங்கே சாய்வது? இன்றும் பாரவூர்திச் சாரதிகளுக்கு ஐரோப்பாவிற் கற்பிக்கும் முதற் பாடம் இடைவெளி விடாது அடுக்குக என்பதே. எங்கள் சனம் அதனை எவரிடமும் படித்ததில்லை; கண்பார்வையிற் செய்தது. இதனைப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

ஆயின், தூணிலிருந்து வரும் இழுவைப் பெட்டியில் நெல் மூடை இல்லை. வெறும் பெட்டியின் நடுவே தன்னந்தனியாக ஒரு வண்டி நிற்கும். மேலும், உழவு இயந்திரம் அவ்வழியில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் போயிருந்தாலே பெரிது. இங்கு 80 கிலோமீற்றர். வேகம் நான்கு மடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காவதில்லை, பதினாறு மடங்காகின்றது. ஏனெனில் அது வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம். பதினாறு மடங்கு சக்தியை ரியூப் வாரும் தும்புக்கயிறும் தாங்கா. இறப்பர் இழுபடும் பொருள். அது வண்டியைப் பிடித்து வைத்திராது. தொட்டிலைப் போல ஆட்டிவிடும். ஆட்டம் கூடக்கூட முடிச்சும் நெகிழும்.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். நான் ஊரில் விஞ்ஞான ஆசிரியனாக இருந்தவன் என்பதால் ஆர்முடுகல், அமர்முடுகல், சடத்துவம் ஆகிய சொற்கள் தாமாகவே வந்து விழுகின்றன. இவற்றை நீங்கள் இங்குள்ள பாடசாலையில் டொச் மொழியிற் படித்திருப்பீர்கள். பெற்றோர் தமிழிற் படித்தனர். வீட்டில் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓடும் ஈருருளி ஏன் விழுவதில்லை? சுழலும் சில்லின் பம்பரத் தன்மையே காரணம் என்று நாங்கள் படித்தோம். அது முழு உண்மையன்று. 2011ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், பம்பர விளைவு இல்லாதவாறு அமைத்த ஒரு சிறு ஈருருளியைத் தள்ளிவிட்டு, அதுவும் விழாமல் ஓடுவதைக் காட்டினர். விழப்போகும் பக்கத்துக்கு முன்சில்லு தானாகத் திரும்புவதே முதன்மையானது. வளைவில் ஓட்டுபவர் உட்புறமாகச் சாய்கின்றார். அச்சாய்வினால் வண்டி வெளிப்புறம் கவிழாது தப்புகின்றது.

ஏற்றிய வண்டிக்கு இவ்விரண்டும் இல்லை. அதன் முன்சில்லு திரும்ப முடியாது. அதனாற் சாயவும் முடியாது. வளைவு வந்ததும் அது நேராக நின்றபடியே வெளிப்புறம் தள்ளப்படும். 60 மீற்றர் ஆரையுடைய ஒரு வளைவை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் கடந்தால், பக்கவாட்டு ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் ஏறத்தாழ 4.6 மீற்றர். அதாவது புவியீர்ப்பின் பாதியளவு. இங்குள்ள மலைப் பாதைகளில் இத்தகைய வளைவுகளுக்குப் பஞ்சமில்லை.

ஐரோப்பிய நியமம் இதனையே எண்ணாகக் கூறுகின்றது. வீதியிற் செல்லும் சுமையானது முன்னோக்கித் தன் நிறையின் 0.8 மடங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 மடங்கு விசையையும் தாங்குமாறு கட்டப்படல் வேண்டும். 180 கிலோகிராம் உந்துருளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாடு குறுக்கே வந்ததெனச் சாரதி தடையை முழுதாக அழுத்தினால், வண்டி முன்னோக்கி ஏறத்தாழ 1440 நியூற்றன் விசையுடன் பாயும். 144 கிலோகிராம் பொருளைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய விசை அது. ஆண்கள் இருவர் சேர்ந்து பிடிப்பதும் எளிதன்று; பின்னால் ஒருவர் அமர்ந்து கையாற் பிடித்துக்கொண்டு வந்தாற் போதும் என்பார் இக்கணக்கை ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

சுவிற்சர்லாந்தின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் 30ஆம் பிரிவில், சுமையானது எவருக்கும் ஆபத்தோ தொல்லையோ விளைவிக்காதவாறும் கீழே விழாதவாறும் ஏற்றப்படல் வேண்டும் என விதிக்கின்றது. 'நான் கட்டவில்லை, நண்பன் கட்டினான்' என்று சாரதி கூறுவது எடுபடாது. ஓட்டுபவரே சுமைக்கும் பொறுப்பு.

இப்போது கட்டும் முறை. இங்கே 'ஸ்பான்குர்ட்' என்று விற்கப்படும் இறுக்குப் பட்டிகள் குறைந்தது நான்கு வேண்டும். ஒவ்வொரு பட்டியிலும் ஒரு சிறு துணிச்சீட்டு தைக்கப்பட்டிருக்கும். அதில் தாங்கும் விசை டெக்காநியூற்றனில் எழுதப்பட்டிருக்கும்; ஒரு டெக்காநியூற்றன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோகிராமின் நிறை. சீட்டுக் கிழிந்த பட்டியையும் ஓரம் பிய்ந்த பட்டியையும் கழித்துவிடுக. விலை குறைந்தது என்பதற்காகச் சீட்டே இல்லாத பட்டியை வாங்க வேண்டாம்.

ஏற்றுவதற்குச் சாய்பலகை வேண்டும். சாய்தளத்தின் பயனைச் சிறு வகுப்பிலேயே படித்திருக்கின்றோம். வானின் தளம் நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் உயரம் எனக் கொள்வோம். 2 மீற்றர்ப் பலகையில் 180 கிலோகிராம் வண்டியைத் தள்ளுவதற்கு, உராய்வை நீக்கிப் பார்த்தால், 54 கிலோகிராமைத் தூக்கும் விசை தேவை. பலகை 3 மீற்றராயின் 36 கிலோகிராம் போதும். பலகையின் மேல்நுனியை வாகனத்துடன் கட்டிவிடல் வேண்டும். இல்லையேல், சில்லு ஏறும்போது பலகை பின்னால் உதைத்து வழுகும். எஞ்சினை இயக்கி ஏறி அமர்ந்து ஓட்டி ஏற்றுவோரைக் கண்டிருக்கின்றேன். அது சர்க்கஸ். ஒருவர் கைபிடியுடன் பக்கத்தில் நடக்க, இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளுவதே முறை. நடப்பவருக்கும் கால் வைக்க ஒரு பலகை வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். வண்டி பாதி ஏறிய பின்புதான் கால் எட்டாமை தெரியவரும்.

மேலே ஏறியதும் முன்சில்லை முன்சுவருடனோ சில்லுக்கவையுடனோ முட்ட நிறுத்துக. கியரைப் போடுக. முன்பட்டிகள் இரண்டையும் கைபிடியின் இறப்பரிற் கொளுவுதல் கூடாது. அது முறுக்கிக்கொண்டு கழலும். முன் அதிர்வுதாங்கிகளைப் பிணைக்கும் குறுக்குத் துண்டில், மென்மையான துணி வளையம் போட்டு, அதிலிருந்து முன்னோக்கியும் கீழ்நோக்கியும் வெளிப்புறமாகவும் பட்டி செல்லவேண்டும். தடைக் குழாயும் மின்கம்பியும் நசுங்குகின்றனவா என்று விரலை விட்டுப் பார்த்துக்கொள்க. பின்பட்டிகள் சட்டத்தின் உறுதியான பகுதியிலிருந்து பின்னோக்கிச் செல்லும். பட்டி நிலைக்குத்தாக நின்றால் பக்கவாட்டில் பிடிக்காது. கிடையாகப் படுத்தால் கீழ்நோக்கி அழுத்தாது. பாதிச் சாய்வே பொருத்தம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இதனைச் சற்று நிதானமாக வாசிக்க வேண்டுகின்றேன். உந்துருளியின் முன்புற அதிர்வுதாங்கிக்குள் விற்சுருள் உள்ளது. பட்டியை மெதுவாக மட்டும் இறுக்கிவிட்டு ஓடினால், பள்ளத்தில் விழும்போது விற்சுருள் அமுங்கும். வண்டி ஒரு கணம் தாழும். தாழ்ந்த அக்கணத்திற் பட்டி தொய்யும். தொய்ந்த பட்டியின் கொளுக்கி வளையத்திலிருந்து நழுவிவிடும். அடுத்த கணம் வண்டி நிமிரும். அப்போது பிடித்திருக்க அப்பக்கத்தில் ஒன்றுமில்லை. ஆகவேதான் முன்பட்டிகளை இறுக்கும்போது விற்சுருளை முன்கூட்டியே ஏறத்தாழப் பாதியளவு அமுக்கிவிடுகின்றோம். முற்றாக அமுக்கினாலோ எண்ணெய் அடைப்பான்கள் பழுதாகக்கூடும். இருபுறமும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால் வண்டி நேராக நிற்கும். அதன்பின் பக்கத் தாங்கியை மடக்கிவிடல் வேண்டும். தாங்கியின்மேற் சாய்ந்து நிற்க வைத்து இறுக்கினால், பட்டியின் இழுவையும் வழியின் குலுக்கமும் அவ்வொற்றைக் காலில் இறங்கி அதனை வளைத்துவிடும்.

பட்டிகளின் எஞ்சிய நுனிகளை முடிந்து வைக்குக. காற்றிற் படபடத்து அவிழ்வன அவையே. புறப்பட்டுச் சில கிலோமீற்றர் சென்றதும் தரித்து மீண்டும் இறுக்கிப் பார்த்தல் அவசியம். தூணிலிருந்து வருவோர் ஸ்பீற்சை எட்டுமுன் ஒருமுறை இறங்கிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இழுவைப் பெட்டியைப் பற்றி ஒரு சில சொற்கள். சாதாரண பி வகை அனுமதிப் பத்திரம் உடையோர், மொத்தநிறை 750 கிலோகிராம்வரையான பெட்டியை இழுக்கலாம்; அதற்கு மேற்பட்டதாயின் வாகனமும் பெட்டியும் சேர்ந்து 3500 கிலோகிராமைத் தாண்டுதல் ஆகாது. 2021இலிருந்து அதற்கென அனுமதிக்கப்பட்ட இலகு பெட்டிகளுடன் நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றர்வரை செல்லலாம். செல்லத்தான் வேண்டும் என்பதில்லை. பாரத்தின் மையம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்குமாறு வண்டியை நிறுத்துதல் வேண்டும். பின்னால் ஒதுங்கினால், பெட்டியின் மூக்கு மேலே கிளம்பி, வேகத்தில் பாம்புபோல் நெளியத் தொடங்கும்.

வானுக்குள் ஏற்றுவது மழைக்கும் பனிக்கும் வசதி. ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கின்றது. எம்மவர் வான்களில் பின்னிருக்கைகளை மடக்கி உந்துருளியை ஏற்றிவிட்டு, நடு இருக்கையிற் பிள்ளைகளை அமர்த்திச் செல்வதைக் காண்கின்றேன். அப்போது 180 கிலோகிராம் இரும்புக்கும் பிள்ளையின் தலைக்கும் நடுவே இருப்பது ஓர் இருக்கையின் முதுகு மட்டுமே. பெற்றோல் ஆவியோ காற்றிலும் பாரமானது. கசிந்தால் தளத்திற் படிந்து கிடக்கும். கார்பரேற்றர் உள்ள பழைய வண்டியாயின் எரிபொருள் வாயிலை மூடுதல் வேண்டும். தமிழ்நாட்டில் உந்துருளியைப் புகையிரதப் பொதியாக அனுப்பும்போது தாங்கியிலுள்ள பெற்றோலை முற்றாக வடித்துச் சாக்கினாற் சுற்றிய பின்னரே ஏற்றுவது இந்த ஆவிக்கு அஞ்சியே. வண்டி வானில் வரட்டும். பிள்ளைகள் புகையிரதத்தில் வரட்டும்.

புகையிரதம் என்றதும், வாகனத்தையே ஏற்றிச் செல்லும் புகையிரதம் எமக்கு அருகில் உள்ளமை நினைவுக்கு வருகின்றது. இங்கிருந்து ஸ்பீற்ஸ், புறூட்டிகன் வழியாகக் கண்டர்ஸ்டெக் சென்றால் பாதை மலையடியில் முடிந்துவிடும். அப்பால் வலே மாநிலம். கார்களும் உந்துருளிகளும் இழுவைப் பெட்டிகளும் அங்கே புகையிரத மேடையில் ஏறி, 14.6 கிலோமீற்றர் நீளமான லெட்ச்பேர்க் சுரங்கத்தைக் கால்மணி நேரத்திற் கடந்து கோப்பன்ஸ்டைனில் இறங்குகின்றன. 2007இல் மலையடிவாரத்தில் 34.6 கிலோமீற்றர் நீளமான புதிய சுரங்கம் திறக்கப்பட்ட பின்னரும் வாகனங்களைச் சுமப்பது பழைய சுரங்கமே.

அச்சுரங்கத்தை 1906இல் தோண்டத் தொடங்கி 1913இல் திறந்தனர். நேர்கோடாகச் செல்ல வேண்டிய சுரங்கம் அது. 1908 யூலை 24ஆந் திகதி, கஸ்டர்ன் பள்ளத்தாக்கின் அடியில் வெடி வைத்தபோது, பாறை என எண்ணிய இடத்தில் நீர் ஊறிய மணலும் கல்லும் இருந்தமையால் அவை உடைத்துக்கொண்டு உட்பாய்ந்தன. 25 தொழிலாளர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர். பின்னர் அவ்விடத்தைச் சுவரால் அடைத்து, வளைத்து வேறு வழியாகத் தோண்டினர். இன்று நாம் இருட்டில் உணரும் வளைவு அதுவே. அவ்வழியாற் போகும்போதெல்லாம் நான் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதுண்டு.

புகையிரதத்தில் ஏறிய கார்களை எவரும் நான்கு பட்டி போட்டுக் கட்டுவதில்லையே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. உருக்குத் தண்டவாளத்தில் உருக்குச் சில்லு. உராய்வு குறைவு, ஆகவே புகையிரதத்தினால் வீதி வாகனம்போல் திடீரென நிற்க இயலாது. அதன் அமர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் ஏறத்தாழ 1 மீற்றரே. வீதியிலோ 8 மீற்றர்வரை செல்லும். கைத்தடையும் கியரும் நான்கு சில்லுக் காருக்கு அங்கே போதுமாகின்றன. உந்துருளிக்கு அப்படியன்று, பணியாளர் காட்டும் இடத்தில் நிறுத்தி அவர்கள் கூறுவதைச் செய்க. பெட்டியில் ஏற்றிவந்த வண்டியாயின் பட்டிகள் அப்படியே இருக்கட்டும். கோப்பன்ஸ்டைனில் இறங்கிய இடத்தில் ஒருமுறை இழுத்துப் பார்த்த பின்னரே வீதியில் ஏறுக.

இறக்கும்போது வீடு வந்துவிட்ட அவசரத்தில் பட்டிகளை எல்லாம் ஒரே மூச்சில் அவிழ்த்துவிடுவர். அமுங்கிய விற்சுருள் பாய்ந்து நிமிரும்போது வண்டி மறுபக்கம் சரியும். முதலிற் பக்கத் தாங்கியை விரித்துவிடுக. ஒருவர் வண்டியைப் பிடித்து நிற்கவேண்டும். பின்பட்டிகள் இரண்டையும் கழற்றிய பிறகு, முன்பட்டிகளுள் தாங்கி இல்லாத பக்கத்திலுள்ளதை மெல்ல மெல்லத் தளர்த்தினால், வண்டி தாங்கியின் பக்கமாகவே அமைதியாகச் சாயும். கடைசிப் பட்டியைக் கழற்றுமுன் சாய்பலகையை வைத்துக் கட்டி ஆயத்தமாக்குக. இறக்கத்தில் பின்சில்லு முன்னே வரட்டும். ஒருவர் முன்தடையில் விரலை வைத்தபடி இறங்க, மற்றவர் பின்னாலிருந்து தாங்கிக்கொள்ளட்டும்.